குடாநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிணற்றைக் காட்டுங்கள்

வடக்கு மாகாணக் கல்வி அமைச்சின் அதிகாரிகளுக்கும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்களுக்கும், அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

தரம் 4 பிள்ளைகளிடம் நீர்வட்டம் வரையச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் முதலில் ஒரு மலையைப் போடுவார்கள். மலையிலிருந்து ஓர் ஆறு வளைந்து வளைந்து இறங்கிக் கடலில் விழும். மேலே சூரியன், பக்கத்தில் முகில், சாய்வாக நாலு கோடு மழை. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் குடாநாட்டில் அப்படி மலை கிடையாது. ஆறும் கிடையாது. தெல்லிப்பழைப் பக்கமாகத் தொடங்கி அராலியில் கடலேரியோடு சேரும் வழுக்கையாறு ஒன்று இருக்கிறது. அதுவும் மாரிக்கு மட்டும் ஓடுவது. காலையில் அந்தப் பிள்ளை முகம் கழுவிவிட்டு வந்த கிணறு மட்டும் படத்தில் எங்கேயும் இருக்காது.

முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். அதில் பெரும்பகுதிக் காலம் அந்த மலையையும் ஆற்றையும்தான் நானும் கரும்பலகையில் வரைந்தேன். கடைசி ஆறேழு வருடங்கள் வேறு மாதிரிச் செய்து பார்த்தேன். அதில் கண்டதைச் சொல்லி, உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல்.

கேட்பது இதுதான். குடாநாட்டின் ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலையிலும் தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளுக்கு, 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடத்தில் வாரம் ஒரு பாடவேளையைத் தண்ணீருக்கென்று ஒதுக்குங்கள். அந்தப் பாடவேளை வகுப்பறைக்குள் நடக்கக் கூடாது. கிணற்றடியிலும் குளக்கரையிலும் கூரைத் தண்ணீர் விழும் இடத்திலும் நடக்க வேண்டும். பிள்ளையின் கையில் கயிறும் போத்தலும் இருக்க வேண்டும். புள்ளி வேண்டாம், பரீட்சை வேண்டாம், தயவுசெய்து போட்டியும் வேண்டாம்.

ஒரு கயிற்றில்தான் நாங்கள் தொடங்கினோம். நல்ல தும்புக் கயிறு, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு. முடிச்சுப் போட்டதே பிள்ளைகள்தான். அதற்கே இரண்டு பாடவேளை போனது, அளவுகோலை இவ்வளவு ஆசையாக அவர்கள் பிடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நுனியில் ஒரு சின்னத் தகரப் பேணி. கிணற்றுக்கட்டின் மேல் விளிம்பிலிருந்து இறக்கினால், பேணி தண்ணீரில் பட்டதும் 'டொப்' என்று சத்தம் கேட்கும். உடனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முடிச்சை எண்ண வேண்டியதுதான். புரட்டாதியில் முதன்முதலாக அளந்தபோது 46 முடிச்சு. கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

ஐப்பசியில் முதல் மழை கொட்டியது. அடுத்த நாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் முடியாததுமாகக் கிணற்றடிக்கு ஓடினார்கள். தண்ணீர் மேலே வந்திருக்கும் என்று எல்லாருக்கும் நிச்சயம். அளந்தால் அதே 46. ஒரு பெண் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "அவ்வளவு மழையும் எங்க ரீச்சர் போச்சுது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை எந்தப் பாடநூலாலும் அவள் வாயிலிருந்து வரவைத்திருக்க முடியாது. நான் பதில் சொல்லவில்லை. மைதான ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திக் காட்டினேன். மேலே ஒரு சாண் ஈரம், அதற்குக் கீழே செம்பாட்டு மண் இன்னமும் பொருபொருவென்று காய்ந்து கிடந்தது. கோடை முழுக்கக் காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத்தான் தீர்க்கும், மிச்சம்தான் கீழே போகும் என்பதை அவர்களே சொன்னார்கள். கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு அளந்தபோது 31. மார்கழி முடிவில் 27. அந்த இறங்குகோட்டையும் ஏறுகோட்டையும் சதுரக்கோட்டுக் கொப்பியில் வரைந்த பிள்ளைகளுக்கு 'மழைநீர் நிலத்தடி நீராகிறது' என்ற வசனத்தை நான் மனப்பாடம் செய்விக்கத் தேவையே வரவில்லை.

மழையை அளப்பது இன்னும் எளிது. நேர்ச்சுவருள்ள ஒரு பேணி, ஒரு அளவுகோல், மரமும் கூரையும் மறைக்காத ஓர் இடம், அவ்வளவு போதும். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் பிள்ளைகள் மீதியை விடமாட்டார்கள். எங்கள் மண்டபத்துக் கூரையைக் காலடியால் அளந்தார்கள். 120 சதுர மீற்றர் வந்தது. ஒருநாள் 25 மில்லிமீற்றர் மழை. 3000 லீற்றர். "ரீச்சர், மூன்று பெரிய தாங்கி!" என்று ஒருவன் கத்தினான். அவன் பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறுகிற பிள்ளை. குடாநாட்டில் வருடத்துக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது என்று நான் சொன்னபோது, அவர்களுக்கு அது வெறும் இலக்கமாக இருக்கவில்லை. பேணியில் பார்த்த தண்ணீராக இருந்தது.

இனி அந்த இனிப்புப் போத்தல் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மண்ணில் தண்ணீர் பற்றி ஒரு பிள்ளை ஒரேயொரு விடயம்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடைகளில் இனிப்புப் போட்டு வைக்கும் அகன்ற வாய்ப் போத்தல் ஒன்றை எடுத்தோம். அதில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, கைப்பிடி கைப்பிடியாக உப்புப் போட்டுக் கரைத்து, உடுப்புக்குப் போடும் நீலத்தில் இரண்டு சொட்டு விட்டோம். அது கடல். பிறகு ஒரு பூவரசம் இலையை அதன்மேல் மிதக்கவிட்டு, இலைமேல் மெதுமெதுவாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். ஊற்றிய பிள்ளை மூச்சையும் அடக்கிக்கொண்டு ஊற்றினாள். இலையை எடுத்துவிட்டுப் பார்த்தால், கீழே நீலம், மேலே தெளிந்த தண்ணீர். இரண்டும் கலக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. வகுப்பே அமைதியாகிவிட்டது.

"நாங்கள் இருப்பது இப்படித்தான்" என்றேன். எங்கள் காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கற்பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நாலு பக்கத்திலிருந்தும் கடல் நுழைந்திருக்கிறது. மாரியில் இறங்கும் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. அந்த வில்லையில்தான் எங்கள் கிணறுகள் எல்லாம். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அறிவியலாளர் கணக்கு. பொந்தும் வெடிப்புமான எங்கள் பாறையில் அது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். மேலே ஓர் அடியை நாங்கள் இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உப்புத் தண்ணீர் 40 அடி மேலே வர வழி திறக்கிறோம்.

இதை எப்படிக் காட்டுவது? ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சியும் ஒரு ஸ்ட்ரோவும் போதும். ஸ்ட்ரோவின் நுனியை நீலத்துக்குச் சற்று மேலே, தெளிந்த தண்ணீருக்குள் வைத்து மெதுவாக இழுத்தால் தெளிந்த தண்ணீர் வருகிறது. மெதுவாக, திரும்பவும் மெதுவாக. அப்புறம் ஒருவனிடம், "சரி, இப்ப உன் விருப்பப்படி கெதியாய் இழு" என்றேன். இழுத்தான். நீலம் ஒரு கூம்புபோல எழும்பி ஸ்ட்ரோவுக்குள் ஏறியது. "உப்புத் தண்ணி மேல வருது ரீச்சர்!" என்று எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். கலங்கிய போத்தலைத் திரும்பத் தெளியவைக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்தும் முடியவில்லை. அதைத்தான் நான் அவர்கள் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பினேன்.

அந்தக் கிழமையே ஒரு பிள்ளையின் பேரனார் பாடசாலைக்கு வந்தார். இளமையில் துலா, அதாவது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஏற்றமரம், மிதித்த தோட்டக்காரர். ஆடுகால் எப்படி நிற்கும், துலாக்கொடியில் பட்டையை எப்படிக் கட்டுவது, துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்கிறவர் கால் எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் நிலத்தில் தடியால் கீறிக் காட்டினார். விடியப்புறம் இறைக்கத் தொடங்கினால், வெயில் ஏற ஆளும் களைத்துவிடும், கிணறும் வற்றிவிடும். பிறகு கிணறு ஊறும்வரை இரண்டு பேரும் ஓய்வெடுப்போம் என்றார். 'இரண்டு பேரும்' என்று கிணற்றையும் ஓர் ஆளாகச் சேர்த்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. உடனே ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப துலா என்றால் மெதுவாய் இழுக்கிறது, மோட்டர் என்றால் கெதியாய் இழுக்கிறது" என்றாள். சிரிஞ்சியையும் துலாவையும் அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள். மோட்டர் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். தோட்டம் செய்கிறவர்களின் இடுப்பு முறிவது எனக்குத் தெரியும். ஆனால் மோட்டரின் ஆழியைப் போடுகிற கைக்கு அந்த நீலக் கூம்பு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கைகள்தான் இன்று தரம் 4இல் இருக்கின்றன.

வேறு சில வேலைகளும் செய்தோம். கிணற்றடியில் பொறுக்கிய சுண்ணாம்புக் கல்லில் வினாகிரி விட்டு நுரை எழுவதைப் பார்த்தோம்; கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக்கும் அதே நுரை வந்தபோது, பாறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து வீட்டுக்கு வருகிறது என்று விளங்கிக்கொண்டார்கள். இரண்டு போத்தலில் மழைத்தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்து, ஒரே அளவு சவர்க்காரம் போட்டுக் குலுக்கினால் எதில் நுரை பொங்குகிறது என்று வீட்டில் அம்மாமாரும் செய்து பார்த்தார்களாம்.

இன்னொன்று முக்கியமானது. அடியில் துளை போட்ட இரண்டு போத்தல்கள். ஒன்றில் மணல், மற்றதில் உடைத்த சுண்ணாம்புக் கல். இரண்டிலும் ஒரே கலங்கல் தண்ணீரை ஊற்றினோம். மணல் வழியாக வந்தது நேரமெடுத்து, ஓரளவு தெளிந்து வந்தது. கல்லின் வழியாக ஊற்றியது ஊற்றியபடியே, அதே கலங்கலோடு, மளமளவென்று கீழே வந்துவிட்டது. எங்கள் நிலத்தில் மேலே எதைக் கொட்டினாலும் அது கீழே கிணற்றுக்கு எவ்வளவு சுலபமாகப் போகும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. தோட்டத்துக்குப் போடும் உரம், மலக்குழி, வெறும் நிலத்தில் ஊற்றும் கழிவெண்ணெய் எல்லாம் அதே பாதைதான். உரத்திலும் மலக்குழியிலும் இருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு கிணற்றில் கூடுவதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து மலக்குழி எத்தனை காலடி என்று அளந்து ஒரு படம் கீறிக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டில் புதுக்குழி வெட்ட இருந்த இடத்தை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாற்றினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் படம்.

சுன்னாகத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அந்தப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தெரிந்து, தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றைத் தொடப் பயந்து, சனம் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குக் காத்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது. அந்தக் காலத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 'எண்ணெய் எப்படி ரீச்சர் அவ்வளவு தூரம் வரும்?' என்று கேட்டவனை நான் பேசாமல் இருக்கச் சொன்னேன். அந்த இரண்டு போத்தலை அன்றைக்கு எனக்கு யாராவது காட்டித் தந்திருந்தால் அவனை அப்படி இருத்தியிருக்க மாட்டேன்.

உங்களில் பலர் உடனே கேட்கப்போவது பாதுகாப்பைப் பற்றி. நியாயமான கேள்வி, நானும் அதில் கண்டிப்பானவள். கட்டு இல்லாத, அல்லது கட்டு இடிந்த கிணற்றுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகவே கூடாது. பாடசாலைக் கிணற்றுக்கு நெஞ்சளவு கட்டும் மேலே கம்பிவலையும் வேண்டும். கயிறு இறக்க வலையில் ஒரு சின்ன வாய் போதும். ஒரு தடவைக்கு ஐந்து பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். மற்றவர்கள் பத்தடி தள்ளிக் கீறிய கோட்டுக்கு வெளியே கொப்பியோடு இருப்பார்கள். குளத்துக்குப் போனால் தண்ணீருக்குள் கால் வைக்காமல் கரையோடு நிற்பது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம். இவ்வளவும் இருந்தால் பயமில்லை. கம்பிவலை போடக் காசில்லை என்று சொல்லும் பாடசாலைக்குத்தான், உண்மையில், எல்லாவற்றுக்கும் முதல் வலை தேவை.

அடுத்தது நேரம். புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பெற்றோரும் ஆசிரியரும் படும் பாடு எனக்குத் தெரியும். தரம் 5 ஆசிரியைகளில் சிலர் என்னிடமே, "இதெல்லாம் நல்லதுதான், ஆனால் பேப்பர் எப்போது செய்விக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் மேலிடத்தில் இருக்கும் உங்களிடம் கேட்கிறேன். நேரசூசியில் நீங்கள் எழுதித் தந்தால் அது அவர்களுக்குக் கவசம். இல்லாவிட்டால் ஆர்வமுள்ள ஒரு ஆசிரியை இருக்கும்வரை நடக்கும், அவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் கயிறு களஞ்சிய அறைக்குப் போய்விடும். என் விடயத்தில் அதுதான் நடந்தது.

இன்னொரு வேண்டுகோள். இதைத் தயவுசெய்து கண்காட்சியாக மாற்றிவிடாதீர்கள். ஒருமுறை தண்ணீர்க் கண்காட்சி ஒன்றுக்கு எங்கள் பிள்ளைகள் கிணற்றுக் கொப்பியையும் இனிப்புப் போத்தலையும் கொண்டுபோனார்கள். பரிசு, பெற்றோர் இராத்திரி முழுக்க இருந்து செய்த றெஜிபோம் (தெர்மோகோல்) அணைக்கட்டுக்குப் போனது. பிள்ளைகளின் அழுக்குக் கொப்பியை நடுவர்கள் திறந்தும் பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரும் பேசாமல் வந்தார்கள்.

'இனிக் குழாய்த் தண்ணீர்தானே வருகிறது, கிணற்றைப் படித்து என்ன செய்ய?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2024இல் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் வரட்டும், நல்லது. நல்ல தண்ணீருக்காக எங்கள் தீவுப் பகுதிச் சனம் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தோட்டம் குழாய்த் தண்ணீரில் விளையாது. வெங்காயமும் புகையிலையும் கிணற்றில்தான் விளையும். அதோடு, குழாய் வந்த வீடுகளில் கிணற்றைக் குப்பைக் கிடங்காக்குவதையும், குளக்கரைகளில் கட்டட உடைசல் கொட்டுவதையும் நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். குடாநாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குளங்கள் என்று சொல்வார்கள். அவை கிணறுகளுக்குத் தண்ணீர் ஊட்டுகிற இடங்கள் என்பது தெரிந்தவர்கள் தொகை குறைந்துகொண்டே வருகிறது.

என்ன தேவைப்படும் என்று பார்த்தால் பெரிய பட்ஜெட் ஒன்றும் இல்லை. ஒரு கயிறு, இரண்டு பேணி, நாலு போத்தல், சிரிஞ்சி, உப்பு, நீலம், ஒரு கொப்பி. ஆசிரிய ஆலோசகர்கள் ஒரு நாள் பயிற்சி வைத்தால் போதும்; அதுவும் மண்டபத்தில் திரையில் படம் காட்டி வேண்டாம், ஆசிரியர்களே கயிற்றை இறக்கி அளக்கிற பயிற்சியாக இருக்கட்டும். கொப்பி பாடசாலையின் சொத்தாக இருக்க வேண்டும், தரம் 5 பிள்ளைகள் போகும்போது தரம் 4இன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று எல்லா இடத்துக் கொப்பிகளும் வருடத்துக்கு ஒருமுறை வலய அலுவலகத்தில் ஒன்றுசேர்ந்தால், எந்த ஊர்க் கிணறு எப்போது இறங்குகிறது என்று நீர் வழங்கல் சபைக்காரரும் பல்கலைக்கழகத்தாரும் கேட்டு வாங்கிப் பார்க்கக்கூடும். சுற்றுலாவையும் தூரத்துக்குப் போகுமுன் கிட்டத்தில் தொடங்கலாம்: கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலை, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் நிலாவரை. நிலாவரையில் இராமர் அம்பு விட்ட கதையையும் சொல்லுங்கள், இனிப்புப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

புரட்டாதிக்கு முன் தொடங்கினால்தான் கிணறு ஆக இறங்கி நிற்பதையும் பிள்ளைகள் அளக்க முடியும். மாரி வந்த பிறகு தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். முதல் பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், என் செலவில் வருவேன். பழைய கயிறு இற்றுப்போனதால் இந்த மாதம் புதுக் கயிறு வாங்கி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், 60 முடிச்சு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரியை ஒருவர்
வலிகாமம்